பொய் சொல்லாத தேவதைகளும் அரைமில்லி அக்காவும்

கண்ணாடிக் கடையில் அவளுக்கு அரைமில்லி என்று பெயர். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. லென்ஸைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்ப்பாள், ஃபிரேமில் வைத்துப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், "இன்னும் ஒரு அரை மில்லி" என்று மறுபடி சக்கரத்துக்குத் திரும்புவாள். வேறு யார் கண்ணுக்கும் தெரியாத அந்த அரை மில்லி அவளை மட்டும் சும்மா இருக்க விடாது. பத்தொன்பது வயதில் அந்தக் கடைக்கு வேலைக்கு வந்தவளுக்கு இப்போது நாற்பத்து மூன்று. ஊரில் பாதிப் பேருடைய மூக்கின் அகலம் அவளுக்கு மனப்பாடம்.

கதைப் புத்தகத்துக்கும் அவளுக்கும் பள்ளிக்கூடத்தோடு பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது. கண் கெட்டவர்களைப் படிக்க வைக்கிற வேலையில் இருந்துகொண்டே அவள் படிக்காமல் இருந்தாள். மிட்டாய்க் கடைக்காரர் மிட்டாய் சாப்பிடுவாரா என்று கேட்டுச் சமாளிப்பாள்.

அவளைப் படிக்க வைத்தது கடை முதலாளியின் தேநீர். முதலாளிதான் அங்கே கண் பரிசோதிப்பவரும். கண்ணாடி தயாரானதும் வாடிக்கையாளர் கையில் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்ல ஓர் அட்டை வைத்திருந்தார்கள். பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடியும். ஒரு நாள் காலை முதலாளியின் கை பட்டு முழுக் கோப்பையும் அதன்மேல் கவிழ்ந்தது. புது அட்டை வர நாளாகும் என்றார்கள். அதுவரைக்கும் ஏதாவது அச்சடித்த காகிதம் வேண்டுமே என்று மேஜை இழுப்பறைகளைத் துழாவியபோது, யாரோ எப்போதோ மறந்துவிட்டுப் போன தடித்த நாவல் ஒன்று அகப்பட்டது. 'குன்றுக்குள் ஒரு பிற்பகல்' என்று தலைப்பு. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டையில் ஒரு மேடும், அதில் ஒரு கதவும், கதவுக்கு வெளியே ஒரு துணிக்கூடையும்.

"எழுத்து சின்னதா இருக்கு, நல்லதாப் போச்சு," என்றார் முதலாளி. "முதல் பக்கத்தையே படிக்கச் சொல்லு."

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அந்த முதல் பக்கம் கடைக்குள் ஒலித்தது. லாரி ஓட்டுநர் ஒருவர் ஒலிபெருக்கியில் அறிவிப்பதுபோல் படித்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை நிறுத்தக்குறிக்கெல்லாம் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, மூன்றாவது வரியில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து, அதற்கு அரைமில்லிதான் பொறுப்பு என்பதுபோல் பார்த்தார். "தேவதைகளுக்குப் பொய் சொல்ல வராது, அவர்களிடம் ஏமாந்தவர்கள் எல்லோரும் உண்மையைக் கேட்டே ஏமாந்தவர்கள்" என்று தொடங்கும் அந்தப் பக்கம் சாணைச் சக்கரத்தின் இரைச்சலையும் தாண்டி அவள் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வரியை வாடிக்கையாளர் தடுமாறினால் அவளே உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா, அப்ப கண்ணாடி எனக்கா, உங்களுக்கா?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

இரண்டாவது வாரத்தில் முதல் பக்கம் கைபட்டுக் கைபட்டு அழுக்காகிவிட்டது. அவளாகவே இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினாள். பிறகு மூன்றாம் பக்கத்துக்கு. முதலாளியிடம் காரணம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஒரு விடுதியில் துணி துவைக்கும் பெண். விருந்தாளி விட்டுப்போன மேலங்கியின் பையைத் துவைப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கிறாள். உள்ளே ஓர் ஆலங்கட்டி. வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தும் அது உருகவில்லை. இவ்வளவு கதை வந்து சேர ஆறு வாடிக்கையாளர்கள் தேவைப்பட்டார்கள்.

ஏழாவதாக வந்தவர் ஒரு தையல்காரம்மா. ஐம்பது வயதைத் தாண்டியவர், கழுத்தில் அளவு நாடா மாலைபோலத் தொங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வந்திருந்தார். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, அரைமில்லி புத்தகத்தை நீட்டினாள். நாலு வரி போதும். தையல்காரம்மா நாலு வரி படித்தார், பக்கம் முடியப் படித்தார், பக்கத்தைப் புரட்டினார். வாய்விட்டுப் படிப்பது நின்று உதடு மட்டும் அசையத் தொடங்கியது. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"அம்மா, தெளிவாத் தெரியுதா?"

"இருங்க, இருங்க. அங்கிக்காரன் கதவைத் தட்டறான். இவ அந்த ஆலங்கட்டியைக் குடுத்துடுவாளா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானும் அதுவரைக்கும்தான் வந்திருக்கேன்."

தையல்காரம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "கையில புத்தகத்தை வச்சுக்கிட்டு, வர்றவங்க போறவங்க படிக்கிறதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே! வீட்டுக்குக் கொண்டு போய்ப் படிச்சுட்டு வந்து சொல்லுங்கம்மா. நான் செவ்வாய்க்கிழமை வர்றேன்."

சொன்னபடி செவ்வாய்க்கிழமை வந்தார். இடது காதுக்குப் பின்னால் கம்பி உறுத்துகிறதாம். அரைமில்லி கம்பியைச் சூடுகாட்டி ஒரு துளி வளைத்துக் கொடுத்தாள். அந்தக் கம்பி பிறகு எல்லாச் செவ்வாய்க்கிழமையும் தவறாமல் உறுத்தியது.

அரைமில்லியின் கணவர் ரொட்டிக் கடையில் அடுப்புக்குப் பொறுப்பாளர். விடியற்காலையில் போய் மதியம் திரும்பி, மாலைவரை தூங்குகிறவர். பதினோரு வயது மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பக்கத்து வீட்டில் செஸ் ஆடப் போய்விடுவாள். ஆக, மாலை ஐந்தரையிலிருந்து ஏழுவரை வீட்டில் அரைமில்லிக்கென்று ஒரு வெற்றிடம் இருந்தது. அதுவரைக்கும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அங்கே புத்தகம் குடிவந்தது. போதாததற்குப் பேருந்திலும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாணைச் சக்கரத்துக்குப் பக்கத்து முக்காலியிலும் படித்தாள்.

"நாற்பத்து மூணு வயசுல தேவதைக் கதையா?" என்று கணவர் கொட்டாவியோடு கேட்டார். "வெள்ளைக் கவுன் போட்டுக்கிட்டு, கையில கோல் வச்சுக்கிட்டு, கேட்டதெல்லாம் குடுக்குமே, அதுவா?"

"இந்தத் தேவதைங்க ஒண்ணும் குடுக்காதுங்க. நம்மகிட்ட இருந்துதான் வாங்கிட்டுப் போகும்."

"அப்ப நம்ம சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த நாவலில் அவளை முதலில் கட்டிப்போட்டது அதுதான். குன்றுக்குள் இருக்கிற தேவதைகள் அழகானவர்கள், சாகாதவர்கள், ஆனால் எதையும் செய்யத் தெரியாதவர்கள். ஒரு பொத்தானைக்கூட அவர்களால் உண்டாக்க முடியாது. அவர்களுடைய தட்டு, விளக்கு, கதவுக் கீல் எல்லாமே மனிதர்களிடமிருந்து எடுத்துப்போனவை. துணி துவைக்கும் பெண் குன்றுக்குள் போனதும் தேவதைகள் கூட்டம் கூட்டமாக வந்து அவளுடைய கைகளைத்தான் பார்க்கிறார்கள். சலவைச் சோடாவும் சாம்பலும் தின்று வெடித்துப்போன கைகள். குன்றின் வாயிற்காவலன், அதாவது அந்த மேலங்கிக்குச் சொந்தக்காரன், அவளிடம் கேட்கிறான்: "ஒரு துணி வெளுத்துவிட்டது, இனிமேல் தேய்க்க வேண்டாம் என்று உனக்கு எப்படித் தெரிகிறது?" அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்க்கிறாள். கடைசியில், "கை சொல்லும்," என்கிறாள்.

அந்த இடத்தில் அரைமில்லி புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டாள். இருபத்து நாலு வருஷமாக அவளை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எப்போது போதும் என்று நிறுத்துகிறாய் என்று முதலாளி கேட்டிருக்கிறார். அது சீக்கிரம் முடி என்பதற்காகக் கேட்டது. இதை எழுதியவர் யாரோ, தன் வாழ்நாளில் ஏதாவது ஒரு கைவேலையைச் சொந்தமாகச் செய்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இல்லாவிட்டால் அந்த இரண்டு வார்த்தை வராது.

அடுத்து ஒரு சண்டை வந்தது, அவளுக்கும் புத்தகத்துக்கும். நடுவில் துளை உள்ள ஒரு கல்லைக் கண்ணில் வைத்துப் பார்த்தால்தான் தேவதைகளின் உண்மையான முகம் தெரியும் என்று எழுதியிருந்தது. கண்ணாடித் தொழிலில் இருக்கிறவளிடம் போய் இப்படிக் கதை விடலாமா? ஓட்டைக் கல்லில் என்ன பவர் இருக்கிறது? லென்ஸ் இல்லாமல் பார்வை எப்படித் தெளியும்? மதியம் முதலாளியிடம் புத்தகத்தைக் காட்டிக் கேலியாகப் படித்தாள்.

முதலாளி சிரிக்கவில்லை. கண் பரிசோதிக்கிற பெட்டியைத் திறந்து, வரிசையாக இருந்த லென்ஸுகளுக்கு நடுவிலிருந்து ஒரு கறுப்புத் தட்டை எடுத்தார். நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை.

"இது எதுக்கு இருக்கு?"

"பார்வை மங்கலா இருக்கிறவங்க கண்ணுல வைப்பீங்க. எழுத்து தெளிஞ்சா கண்ணாடி போட்டுச் சரிபண்ணலாம். தெளியலைன்னா..." அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"தெளியலைன்னா டாக்டர்கிட்ட அனுப்புவோம். இதுல என்ன பவர் இருக்கு?"

ஒன்றும் இல்லை. வெறும் ஓட்டைதான். எத்தனையோ ஆயிரம் தடவை துடைத்து அடுக்கி வைத்த தட்டு. அரைமில்லி தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாசலில் போய் நின்று, அந்தத் தட்டைக் கண்ணருகே பிடித்துத் தெருவைப் பார்த்தாள். வெறுங்கண்ணுக்குக் கரைந்த சாயமாகத் தெரிந்த தெரு, ஓட்டைக்குள் ஒடுங்கி, கொஞ்சம் இருண்டு, ஆனால் துலக்கமாக நின்றது. எதிர்ச்சாரி மருந்துக் கடையின் பெயர்ப்பலகையில் கடைசி எழுத்துவரை படிக்க முடிந்தது. நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் எண் தெரிந்தது. மருந்துக் கடைக்காரர் இவளை விநோதமாகப் பார்ப்பதும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து மறுபடி படித்தாள். நிறையப் பார்ப்பதற்காக அல்ல, குறைத்துப் பார்ப்பதற்காகவே அந்தக் கல் என்று வாயிற்காவலன் விளக்குகிற வரி அங்கேயே இருந்தது. கோபத்தில் அதை ஓட்டிவிட்டிருந்தாள். "இந்தப் புத்தகத்துகிட்ட நான் மன்னிப்பு கேட்கணும்," என்று செவ்வாய்க்கிழமை தையல்காரம்மாவிடம் சொன்னாள்.

"முதல்ல எனக்குக் கதையைச் சொல்லுங்க, அப்புறம் அதுகிட்ட மன்னிப்பு கேளுங்க," என்றார் அவர்.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல முடியாது. நடுவில் எண்பது பக்கத்துக்கு ஒரு விருந்து வந்தது. எந்தத் தேவதை எந்தத் தேவதைக்கு என்ன உறவு, யார் யார் எத்தனையாவது இடத்தில் உட்கார வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். கல்யாண வீட்டில் தெரியாத பெரியப்பாவிடம் மாட்டிக்கொண்டதுபோல் நெளிந்தாள். அந்த எண்பதை முப்பதாகத் தேய்த்திருக்கலாம். எழுதியவருக்கு அங்கே மட்டும் கை சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

விருந்து முடிந்த பிறகு வந்த அத்தியாயம்தான் அவளைப் புரட்டிப் போட்டது.

குன்றுக்குள் எப்போதும் ஒரே பிற்பகல். வெளியே நாள் போவது அங்கிருப்பவர்களுக்குத் தெரியாது. துணி துவைக்கும் பெண்ணின் அம்மா ஊரில் காய்ச்சலில் கிடக்கிறாள். வாயிற்காவலனிடம் இவள் கேட்கிறாள், அம்மா எப்படி இருக்கிறாள் என்று. அவன் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உன் அம்மா உறங்குகிறாள். முகத்தில் வலி தெரியவில்லை," என்கிறான். மூன்று தடவை கேட்கிறாள். மூன்று தடவையும் அதே பதில். நான்காவது தடவை அவன் பதில் சொல்லாமல் வாயிலைத் திறந்து விடுகிறான். அம்மா போய்விட்டிருந்தாள். கண் விழிக்காத உறக்கம் அது. வாயில் திறக்கும் வேளைக்கு முன்னால் இவள் ஓடியிருந்தால், குன்றின் காலம் அறுந்து, வாயிலைத் தாண்டுமுன்பே சாம்பலாகியிருப்பாள். அது காவலனுக்குத் தெரியும். சொன்னால் இவள் ஓடிவிடுவாள் என்பதும் தெரியும்.

"நான் சொன்னதில் எது பொய்?" என்று அவன் கேட்கிறான்.

"எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு ஆறவில்லை," என்கிறாள் அவள்.

அரைமில்லி இதைப் பேருந்தில் படித்துக்கொண்டிருந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அதற்கடுத்ததும் போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் நடத்துனர் வந்து, "அம்மா, வண்டி இதுக்கு மேல போகாது," என்றபோதுதான் நிமிர்ந்தாள்.

அவளுக்கு ஓர் அக்கா உண்டு. அதே ஊரில், பேருந்தில் அரைமணி நேரத் தூரத்தில். தபால் நிலையத்தில் பார்சல் எடை போடுகிற வேலை. பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

அப்போது அரைமில்லி மகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். எட்டாவது மாதம். ரத்த அழுத்தம் ஏறி, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது, அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக்கூடாது என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அதே வாரம் அக்கா வீட்டில் இருந்த அப்பாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. நினைவு தப்பி வீட்டிலேயே கிடந்தார். அரைமில்லி காலையும் மாலையும் அக்காவுக்குப் போன் செய்வாள். "அப்பாகிட்ட குடு" என்பாள். "அப்பா தூங்கிட்டிருக்கார்" என்று அக்கா சொல்வாள். மூன்று நாள், ஆறு போன், ஒரே பதில். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தூங்கட்டும் என்று இவளும் விட்டுவிட்டாள். நாலாம் நாள் மகள் பிறந்தாள். அப்பா போய்விட்டதை அதற்குப் பத்தாம் நாள்தான் சொன்னார்கள். குழந்தையைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனவள், உள்ளே போகாமல் வாசலில் நின்றே கத்தினாள். பொய் சொல்லி என்னை அப்பா முகத்தைப் பார்க்கவிடாமல் பண்ணிவிட்டாய் என்றாள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்றாள் அக்கா. அந்தப் பதில்தான் அரைமில்லியைக் கொளுத்திவிட்டது. "இனிமே உன் வாசப்படியை மிதிச்சேன்னா நான் மனுஷியே இல்லை!" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

கடைசி நிறுத்தத்துக் கல்மேடையில் உட்கார்ந்து மீதி அத்தியாயத்தைப் படித்தாள். அங்கே காவலன், அந்தப் பெண் அழுது ஓய்ந்த பிறகு, கேட்கப்படாமலே ஒன்று சொல்கிறான். தேவதைகளுக்கு இறப்பு தெரியாது. அவன் அதற்குமுன் ஒருவர் இறந்து பார்த்ததே இல்லை. மூன்று முறை அவன் அந்தக் குடிசை ஜன்னலில் நின்றான். ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும் வழியில், உண்மையாகவும் இருக்க வேண்டும், அவளைக் கொன்றுவிடவும் கூடாது என்று ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டே நடந்தான். "அவ்வளவு நீளமான பாதையை நான் நடந்ததில்லை," என்கிறான்.

மூன்று நாளும் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷத்தில் இந்த ஒன்று அரைமில்லிக்கு உறைக்கவே இல்லை. அப்பா முகத்தைத் தான் பார்க்கவில்லை என்பதையே நினைத்து நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் எப்படி இருந்தாள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அப்பா படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, குரல் நடுங்காமல், ஆறு போன்.

செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா வந்தபோது கதையோடு சேர்த்து இதையும் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, "போகணும்போல இருக்கு. ஆனா வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லித் தொலைச்சுட்டேனே," என்றாள்.

"பதினோரு வருஷத்துக்கு முந்தி சொன்னதை யாரும்மா கணக்குல வச்சிருக்கா?"

"நான் வச்சிருக்கேன். அவளும் வச்சிருப்பா. நாங்க ஒரே வயித்துல பிறந்தவங்க."

தையல்காரம்மா அளவு நாடாவைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "உங்க கதையில அந்தப் பொண்ணும் ஏதோ சபதம் பண்ணிட்டு வெளியே வந்துட்டான்னு சொன்னீங்களே. அப்புறம் திரும்பிப் போகவே இல்லையா?"

அரைமில்லி அந்த இடத்தை இன்னும் படித்திருக்கவில்லை. வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம். இரண்டு பேரும் புத்தகத்தைக் கல்லாமேஜையில் விரித்து வைத்துக்கொண்டு தேடினார்கள். "இனி இந்த வாயில் வழியாக என் கால் நடக்காது" என்று சபதம் செய்த பெண், இரண்டு வருஷம் கழித்துக் குன்றுக்குத் திரும்புகிறாள். எப்படி? துணி துவைக்கிறவளுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்று தெரியாதா? குன்றின் அடியில் அழுக்குத் தண்ணீர் வெளியேறும் சாக்கடைக் குழாயைக் கண்டுபிடித்து, முழங்காலில் தவழ்ந்து உள்ளே போகிறாள். மறுமுனையில் காவலன் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். எங்களில் ஒருத்தியாகிவிட்டாய்," என்கிறான்.

தையல்காரம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தார். "உங்க அக்கா வீட்டுக்குப் பின்கதவு இருக்கா?"

இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அரைமில்லி கிளம்பினாள். அக்கா வீடு தரைத்தளம். பின்பக்கம் போக அடுத்த வீட்டுக் கொல்லை வழியாகத்தான் வழி. அங்கே கொடியில் ஈரப் போர்வைகள் தொங்கின. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனாள். ஒரு நாய் படுத்த இடத்திலிருந்தே குரைத்துத் தன் கடமையை முடித்துக்கொண்டது. அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "யாரது?" என்றார். "தங்கச்சிங்க," என்றாள். யாருடைய தங்கை என்று அவர் கேட்பதற்குள் சமையலறைக் கதவுக்கு வந்துவிட்டாள்.

அக்கா கதவோரத்தில் உட்கார்ந்து அடிப்பிடித்த பாத்திரம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த நார் தரையில் விழுந்தது.

"வாசல்ல மணி இருக்கே," என்றாள் அக்கா.

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல."

அக்கா அவளையே பார்த்தாள். போர்வையின் ஈரம் பட்ட தோளையும், சேறான செருப்பையும் பார்த்தாள். முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உதட்டோரம் இழுத்தது. அது சிரிப்பா வேறொன்றா என்று தெரியுமுன் ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அரைமில்லி கதவுக்கு இந்தப்பக்கமே குந்தி உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த மூணு நாள் நீ சாப்பிட்டியா?"

பதினோரு வருஷமாக வேறு எத்தனையோ கேள்விகள் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள். வாயில் வந்தது இதுதான்.

"ஞாபகம் இல்லடி," என்றாள் அக்கா. விழுந்த நாரை எடுத்துக்கொண்டே, "போன் அடிச்சாலே நீதான்னு தெரியும். சமையல் ரூமுக்குப் போய் ஒரு தடவை சொல்லிப் பார்த்துட்டு வந்துதான் எடுப்பேன். நல்லா இருக்கார்னு சொல்லிடலாம்னு அத்தான் சொன்னார். நான் மாட்டேன்னுட்டேன். பின்னால நீ கேட்டா உன்கிட்ட பொய் சொன்னதா ஆயிடும்ல. தூங்கறார்னா... தூங்கத்தானே செஞ்சார்."

"ஆமா. தூங்கத்தான் செஞ்சார்," என்றாள் தங்கை.

பாத்திரத்தை இரண்டு பேருமாகத் தேய்த்து முடித்தார்கள். அப்பாவின் கடைசி நாட்களை அக்கா அன்று முழுதாகச் சொன்னாள். ஒரு காலில் மட்டும் போர்வை நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது, தான் இழுத்து இழுத்து விட்டது, வீட்டுக்கு வந்துபோன நர்ஸ் ஒருத்தி அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டது, எல்லாவற்றையும். ஆறு மணிக்கு அரைமில்லி வந்த வழியே திரும்பிப் போக எழுந்தபோது, "திடீர்னு என்னடி வந்துச்சு உனக்கு?" என்று அக்கா கேட்டாள். அரைமில்லி கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். இன்னும் நாற்பது பக்கம் பாக்கி இருந்தது. அதை ஒரே மூச்சில் படிக்க மனசில்லாமல் வைத்திருந்தாள்.

"நீ முடிச்சுட்டுக் குடு," என்றாள் அக்கா.

அந்த நாற்பது பக்கத்தை அடுத்த இரண்டு மாலைகளில் படித்தாள். உருகாத ஆலங்கட்டி என்பது குன்றின் நின்றுபோன நேரம் என்று தெரியவருகிறது. அந்தப் பெண் அதைத் தன் வெடித்த உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்கிறாள். சோடா தின்ற கையின் சூட்டில் அது சொட்டுச் சொட்டாகக் கரைகிறது. குன்றுக்குள் முதன்முதலாகச் சாயங்காலம் வருகிறது. தேவதைகள் பயந்து நடுங்குகிறார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் மஞ்சளாகிச் சிவப்பதை வாய்பிளந்து பார்க்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் வாயிற்காவலன் அந்தப் பெண்ணிடம் ஓடிவந்து, தலையைக் குனிந்து, தனக்கு முளைத்த முதல் நரைமுடியைக் காட்டுகிறான். எதையும் உண்டாக்கத் தெரியாதவன் தானே உண்டாக்கிய ஒன்றைக் காட்டுகிற பெருமை அவன் குரலில் இருந்தது. அரைமில்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

கணவர் எழுந்து வந்து, "முடிஞ்சுதா? கடைசியில கல்யாணமா?" என்றார்.

"நரை."

"என்னது?"

"உட்காருங்க, சொல்றேன்," என்றாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் அவருக்குச் சொல்ல மூன்று மாலை ஆயிற்று. விருந்தை மட்டும் விட்டுவிட்டாள். சாக்கடைக் குழாய் வந்தபோது அவர் எழுந்து நின்றுகொண்டு கேட்டார்.

புத்தகம் அக்காவிடம் போய் ஐந்து வாரம் இருந்தது. அக்காவின் படிப்பு வேறு மாதிரி. எடை போடுகிற ஆள் அல்லவா, எல்லாவற்றையும் தூக்கிப் பார்ப்பாள். அவளுக்குத் தேவதைகளை அறவே பிடிக்கவில்லை. "ஒரு வேலையும் தெரியாது, வாய் மட்டும் இவ்வளவு நீளம்," என்றாள். காவலனை மட்டும் போனால் போகிறது என்று விட்டாள். அரைமில்லி நெளிந்த அந்த எண்பது பக்க விருந்துதான் புத்தகத்திலேயே சிறந்த பகுதி என்று அடித்துச் சொன்னாள்.

"அதைப் போய் நல்லா இருக்குங்கறியே!"

"பின்னே? யார் எங்கே உட்கார்றாங்கன்னு வச்சே யாருக்கு யார் மேல கோபம்னு சொல்லிட்டாரே. நீ ஓட்டிட்டுப் போயிருப்பே."

"நான் ஒரு வரி விடலை."

"ஓட்டத்தான் செஞ்சிருப்பே. சின்ன வயசுலயும் பாடப் புத்தகத்துல நீ அப்படித்தான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சண்டை சமையலறையில் நடந்தது. அத்தான் பக்கத்து அறையிலிருந்து இரண்டு தடவை வந்து, என்ன தகராறு என்று கவலையோடு எட்டிப் பார்த்தார். விருந்தில் மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தது காவலனின் தம்பியா, தம்பி முறையா என்பதுதான் தகராறு என்று அறிந்ததும் திரும்பிப் போனார். அக்கா விருந்து அத்தியாயத்தைப் பிரித்து, விரலை வரி வரியாக ஓட்டி, தங்கையை அருகில் இழுத்து உட்கார வைத்து, முதலிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.